கழுதைக்கு வேலி, தம்பியின் தாடைக்கும் வேலி

கற்பிட்டிப் பக்கம் தென்னம்பிள்ளை வைத்தவர்களுக்குத் தெரியும். கன்றைச் சுற்றிக் கிடுகு கட்டாமல் விட்டால், விடியுமுன் கழுதை வந்து குருத்தைக் கடித்துவிட்டுப் போய்விடும். வேலி கன்றை வளர்ப்பதில்லை. கன்று தானாக வளரும்வரைக்கும் கழுதையை வெளியே நிறுத்தி வைக்கிறது. ஒன்றரை வருடமாக எங்கட வீட்டில் நடந்த கதையும் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தம்பி கடலுக்குப் போகிறவன். ஒருநாள் அலை தூக்கி அடித்ததில் படகு விளிம்பில் வாய் மோதி, மேல்வரிசை முன்பல் இரண்டும், அவற்றைப் பிடித்திருந்த எலும்பின் முன்பக்கமும் போயின. காயம் ஆறியது, நாங்களும் மறந்துவிட்டோம். கலியாணப் பேச்சு வந்தபோதுதான் பல் கட்டும் எண்ணம் வந்தது. அதற்குள் அந்த இடத்து எலும்பு தேய்ந்து கத்தி விளிம்பு மாதிரி ஆகியிருந்தது. பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகுமாம். திருகாணி வைத்துப் பல் பொருத்த வேண்டுமானால் முதலில் எலும்பை வளர்த்தெடுக்க வேண்டும் என்றார்கள்.

கொழும்பில் முதலில் போன இடத்தில் "ஒரு ஜவ்வு வைப்போம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தம்பி கதிரையில் சாய்ந்தும் விட்டான். வாப்பாதான் கடைசி நேரத்தில் கேட்டார், "மிஸ், இது எதால செஞ்சது?" அந்தப் பிள்ளை பெட்டியைத் திருப்பி வாசித்தது. பன்றியின் கொலாஜன்.

அவர்கள் மறைத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆனால் கேட்டிராவிட்டால்?

தம்பி எழும்பி வந்துவிட்டான். "எனக்குப் பல்லும் வேணாம் ஒண்டும் வேணாம் வாப்பா" என்று பஸ்ஸில் பாலாவி வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

மௌலவியிடம் போனோம். அவர் எடுத்த கிதாபு எங்களை ஆச்சரியப்படுத்தியது. 1277இல் வபாத்தான இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில், எலும்பை நஜிஸான பொருளைக் கொண்டு ஒட்டுவது பற்றியே பேச்சு இருக்கிறது! சுத்தமானது கிடைக்காமல் அப்படிச் செய்தவர் மன்னிக்கப்படுவார். கிடைத்தும் செய்தால், பெரிய தீங்குக்குப் பயமில்லாதபோது அதை எடுத்துவிட வேண்டும். இன்றைய ஆலிம்களில் சிலர், பதப்படுத்தி முற்றாக மாறிவிட்ட பொருளின் சட்டம் வேறு என்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை என்பதையும் சொன்னார். கடைசியில், "வேற சாமான் இருக்குதா எண்டு முதல்ல டொக்டர்கிட்ட கேளுங்க" என்றார்.

இருந்தது. இரண்டாவதாகப் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கே அதுவரை தெரியாத விஷயம். முரசுத் தசை வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். குழியைத் திறந்து விட்டால் தசை முந்திக்கொண்டு நிரப்பிவிடும், பிறகு எலும்புக்கு இடமில்லை. நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும். (கழுதை எங்கே என்று இப்போது விளங்கியிருக்கும்.)

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். 1988இல் சுவீடனின் கோதென்பர்க்கில் கிறிஸ்டர் டாலின் குழுவினர் எலிகளின் தாடையில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லோன் தாளால் மூடினார்கள். ஒட்டாத தாச்சியில் பூசுகிற அதே டெஃப்லோன். மூடிய பக்கம் 6 கிழமையில் எலும்பால் அடைந்தது. மூடாத பக்கம் 22 கிழமை ஆகியும் ஏறக்குறைய அப்படியே கிடந்தது.

டெஃப்லோனைப் பிறகு இன்னொருமுறை வெட்டி எடுக்க வேண்டும். தம்பிக்கு வைத்தது கரைகிற பிளாஸ்டிக், பொலிலக்ரிக் அமிலம். சோள மாவிலிருந்தும் கரும்புச் சீனியிலிருந்தும் எடுக்கிற சாமான். உடம்புக்குள் லக்ரிக் அமிலமாக உடைந்து, கடைசியில் தண்ணீரும் காபனீரொட்சைட்டுமாகப் போய்விடும். தயிரைப் புளிக்க வைக்கிற அமிலம் என்றதும் உம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சூடுநீரில் போட்டால் தாள் இளகும். தாடையின் வளைவுக்கு வளைத்து வைத்தால் ஆறி இறுகும். மெல்லிய ஜவ்வு குழிக்குள் அமுங்கிவிடக்கூடும், இது கூடாரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். உள்ளே போட்ட எலும்புத்தூளும் மாட்டுடையது இல்லை, தம்பியின் கடைவாய்ப் பக்கத்திலிருந்தே சுரண்டி எடுத்தது. புது எஞ்சினுக்குச் சேர்த்த காசு இதற்கே முடிந்தது.

இரண்டு கட்டளைகள்: சிகரட் கூடாது, சொல்லும்வரை கடலுக்குப் போகக் கூடாது. 12ஆம் நாள் அவன் கடலில். "கடல் மட்டும்தான் போனேன்" என்றான். சேர்ட் பொக்கட் வேறு கதை சொன்னது. மூன்றாம் கிழமை வலது பக்கத்தில் முரசு பிளந்து, தாளின் ஓரம் வெளியே தெரிந்தது. அன்றிரவு வாப்பா அவனோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

ஏழாம் மாதப் படத்தில் இடது பக்கம் நன்றாக நிரம்பியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வலது பக்கம் பாதிதான். ஒரு திருகாணி இப்போது வைக்கலாம், மற்றதற்கு வேலி திரும்பக் கட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சிகரட் நின்று நாலு மாதம் என்கிறான், நாங்களும் நம்புகிறோம்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறோம். இந்தமுறை டொக்டரிடம் கேட்பதற்கு வாப்பா கேள்விகளை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி, "பெட்டியைக் காட்டுவீங்களா?" ஊரில் யாருக்காவது பல்லிலோ எலும்பிலோ இப்படி வைத்தியம் இருந்தால் இன்பொக்ஸில் கேளுங்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறோம்.