வரிசையும் இருளும்

பம்பலப்பிட்டிச் சந்தியிலே முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரிடம், பின்னாசனத்திலிருந்த ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பெற்றோல் வண்டிகளின் காலம் முடியப்போகிறதே என்று பேச்செடுத்தார். “பெற்றோல் இல்லையெண்டால் வரிசையில நிக்கலாம் ஐயா. கறண்ட் இல்லையெண்டால் எந்த வரிசையில நிக்கிறது?” என்பதே கிடைத்த விடை.

2022 ஆம் ஆண்டை மனங்கொள்ளாதார்க்கு இவ்வினா விளங்காது. வாகனங்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கிற் காத்துக் கிடந்தன. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பெற்றோலில் நம்பிக்கை இழக்க இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை. ஆயின், அதே ஆண்டின் மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணமென அமைச்சர் கூறினார். குரங்கை நகைத்தவர்கள் மின்கம்பியை நம்புவதெங்ஙனம்?

2017 நவம்பரில், அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, 2040 அளவில் நாட்டின் வாகனங்கள் யாவும் பெற்றோல், டீசல் சாராத சக்தியால் இயங்கவேண்டுமென வரவுசெலவுத் திட்ட உரையில் முன்மொழிந்தார். இருபத்துமூன்று ஆண்டுத் தொலைவில் நிற்கும் ஒன்றை வெறுப்பார் யார்? அன்றியும், புதியனவற்றைத் தடுப்பது வேறு, உள்ளனவற்றைப் பறிப்பது வேறு என்பதைச் சாரதிகள் அறிவர். 2008 இல் ‘டூ ஸ்ட்ரோக்’ முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னரும் பழையன ஓடியே தேய்ந்தன.

மின்வண்டி கொழும்புக்குப் புதிதுமன்று. 1899 இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்கள் 1960 இலும், 1953 இல் வந்த திரொலி பஸ்கள் 1964 இலும் மறைந்தன. அன்று எண்ணெயே முன்னேற்றமெனத் தோன்றிற்று.

நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துப் பெறும் மின்சாரம் புகையை இடம்மாற்றுவதே என்பார் கல்விமான்கள். வாதம் முற்றிலும் பொய்யன்று. எனினும் காலி வீதியோரம் நாள்முழுதும் நிற்கும் கடைக்காரருக்கு அந்த இடமாற்றமே பெரும்பேறு.

விரிவுரையாளர் இறங்கியது ஒரு தொடர்மாடி வாயிலில். மூன்றாம் மாடிக்காரரான அவருக்குக் கீழே கார் நிறுத்த ஓரிடமுண்டு. அருகே ‘பிளக் பொயின்ற்’ இல்லை. மின்சாரக் காரொன்றை மகன் விரும்புகிறான் என்று குடியிருப்போர் கூட்டத்தில் அவர் சொன்னபோது, ஆதரிப்பாரும் எதிர்ப்பாரும் ஒரே வினாவைத்தான் எழுப்பினர்: மின்பட்டியல் யார் பெயரில் வரும்?