ரத்தத்தில் இறங்கிய அளவு

விபத்தில் கை கால் இழந்தவருக்காக இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாதாடுவது ஓரளவு எளிது. இழப்பை நீதிபதியே கண்ணால் பார்த்துவிடுவார். தலையில் அடிபட்ட குழந்தையின் வழக்கு அப்படியல்ல. அது நடக்கும், சிரிக்கும், பேர் கேட்டால் சொல்லும். எதை இழந்தது என்பது வளர வளரத்தான் வெளியே வரும். சட்டமோ அதுவரை காத்திருப்பதில்லை.

மனுதாரர் தரப்பில் நான் நடத்திய ஒரு வழக்கு அப்படிப்பட்டது. பையன் இரண்டாம் வகுப்பு. சாலையோரம் நின்றவனைச் சரக்கு வேன் அடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கிளாஸ்கோ கோமா அளவு 6. எட்டும் அதற்குக் கீழும் இருந்தால் கடுமையான மூளைக் காயம் என்பது மருத்துவர்கள் கணக்கு. தொடை எலும்பும் முறிந்திருந்தது. அங்கே எஸ்100பி, என்எஸ்இ என்ற இரண்டு புரதங்களை ரத்தத்தில் அளந்து வைத்திருந்தார்கள். மூளைச் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிபவை இவை. முதல் நாள் இரண்டும் ஏறியிருந்தன. ஒரு வாரத்துக்குள் இறங்கிவிட்டன.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ரிப்போர்ட்டைத்தான் பிடித்துக்கொண்டார். எஸ்100பி எலும்பிலிருந்தும் கொழுப்பிலிருந்தும்கூட வரும், தொடை உடைந்த பையனிடம் முதல் நாள் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். அதில் உண்மை இருந்தது. அடுத்த மூச்சிலேயே, அளவு இறங்கிவிட்டதால் மூளை குணமாகிவிட்டது என்றார். ஏறும்போது நம்பக்கூடாத அளவை இறங்கும்போது மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டேன்.

குறுக்கு விசாரணையில் நரம்பியல் அறுவை மருத்துவர் நிதானமாகப் பதில் சொன்னார். எஸ்100பி சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். என்எஸ்இ இன்னும் கொஞ்சம் தங்கும். வெள்ளம் வடிந்துவிட்டதால் வீடு இடியவில்லை என்று சொல்ல முடியாது. சின்னக் குழந்தைகளுக்கு எஸ்100பி இயல்பிலேயே கூடுதல் என்பதால் பெரியவர்களுக்கான வரம்பை வைத்து அளக்கவும் கூடாது. உயிர் பிழைக்குமா, நிலைமை மோசமாகுமா என்று கணிக்க இவை துணை செய்யும். எட்டாம் வகுப்பில் பாடம் ஏறுமா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

அதைச் சொன்னவர் வகுப்பு டீச்சர். விபத்துக்கு முன்னும் பின்னும் அவன் எழுதிய இரட்டைக்கோடு நோட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். பழைய நோட்டில் எழுத்து கோட்டுக்குள் நின்றது. புதியதில் ஒரே சொல் மூன்று வரிக்குத் திரும்பத் திரும்ப வந்தது. “போர்டைப் பார்த்து ஒரு வார்த்தை எழுதிட்டு நிமிர்ந்தா, எதுல விட்டோம்னு அவனுக்குத் தெரியலைங்க ஐயா” என்றார். நீதிபதி அந்தப் பக்கங்களை வெகுநேரம் புரட்டினார்.

ரத்த அளவு பற்றிய வாதத்தைத் தீர்ப்பாயம் தள்ளியது. ஆனால் மருத்துவக் குழுவின் சான்று 40 சதவீத ஊனம் என்றிருந்தது. குழந்தைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் வகுத்த அளவின்படி 30-க்கு மேல் 60 சதவீதம் வரை 4 லட்சம் ரூபாய். சம்பாதிக்காதவருக்கு ஆண்டு வருமானம் 15,000 என்று வைத்த பழைய அட்டவணையிலிருந்து குழந்தைகளை மீட்கத்தான் அந்த அளவு வந்தது, நல்ல நோக்கம். ஆனால் குட்டையான காலும் நினைவு நிற்காத மனமும் அதில் ஒரே தட்டில் வந்து விழுகின்றன. அசாதாரணச் சூழல் இருந்தால் கூடுதலாகத் தரலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இடமிருக்கிறது. அதைக் கேட்டேன், சான்றில் அப்படி ஏதுமில்லை என்றார்கள். சிகிச்சைச் செலவோடு 4 லட்சம் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து அவன் அப்பா வந்தார். வலிப்பு வருகிறது, எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. “திரும்பக் கேட்க வழியில்லையா சார்?” என்றார். இறுதித் தீர்ப்புக்குப் பிறகு மேலும் இழப்பீடு வழங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. 2020-இல் அதே நீதிமன்றம், மூளைக் காயமடைந்த 12 வயதுச் சிறுமிக்கு ஆயுளுக்கும் பராமரிப்பாளர் செலவைக் கணக்கிட்டு 62 லட்சத்து 27 ஆயிரம் வழங்கியது. முடிந்துபோன இவன் வழக்குக்கு அது பயன்படவில்லை.

இப்போது விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் சொல்கிறது. மனுவை உடனே போடுங்கள். ஆனால் தலையில் அடிபட்ட குழந்தைக்கு ஊனச் சான்று வாங்கவும், லோக் அதாலத்தில் சமரசத்துக்குக் கையெழுத்திடவும் அவசரப்படாதீர்கள். பள்ளி நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வகுப்பு ஆசிரியரைச் சாட்சியாக அழையுங்கள்.