வாசலில் நின்ற மூத்தவன்

வாதத்தில் வெல்ல வேண்டும் என்னும் ஆசையால்தான் பைபிளை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அண்டை வீட்டில் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். மாலை வேளைகளில் எங்களிடையே சமயப் பேச்சு நிகழும். அவருடைய நூலைக் கொண்டே அவரை மடக்க எண்ணி, அதனை அவரிடமே இரவல் வாங்கினேன். 1714-15ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிய தரங்கம்பாடிக்கு அருகில்தான் எங்கள் ஊர். எனினும், அதன் ஒரு பக்கத்தையும் அதுவரை நான் புரட்டியதில்லை.

ஈஸா நபி (அலை) அவர்களுக்கு இன்ஜீல் அருளப்பட்டது என்பது நம் ஈமானில் அடங்கும். இன்றுள்ள சுவிசேஷங்கள் அதுவே என நாம் ஏற்பதில்லை. ஆகவே, குறை காணும் கண்ணோடு படித்தேன். யோசேப்பின் தந்தை யாக்கோபு என்கிறது மத்தேயு. ஏலி என்கிறது லூக்கா. மகிழ்வோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

லூக்காவின் 15ஆம் அதிகாரத்தில் எழுதுகோல் நின்றது. சொத்தில் தன் பங்கை வாங்கிச் சென்று அழித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிய இளைய மகனைத் தந்தை அணைத்துக்கொண்டு விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்தவனோ சினந்து, வீட்டினுள் நுழையாமல் நிற்கிறான்.

என் தம்பியும் வாப்பா விட்டுச் சென்ற சொத்தில் தன் பங்கைப் பினாங்கு வணிகத்தில் தொலைத்துவிட்டுத் திரும்பியவன். உம்மா அவனை ஏற்றுக்கொண்ட நாள் முதல் நான் அவ்வீட்டுப் படி மிதிக்கவில்லை. இரண்டு பெருநாள்கள் அவ்வாறே கழிந்தன.

சூரா யூசுஃபைச் சிறு வயது முதல் ஓதி வருகிறேன். தீங்கிழைத்த சகோதரர்களை யூசுஃப் நபி (அலை) அவர்கள் மன்னிக்கும் இடத்தில் என் கண்கள் கலங்கும். ஆனால், அநீதிக்கு ஆளானவர் பக்கமே என்னை நிறுத்திக்கொண்டேன். அவர்கள் மன்னித்தது போல் நானும் மன்னிக்க வேண்டும் என்பது மட்டும் உறைக்கவில்லை. அயலாரின் நூலை, அதுவும் பகை நோக்கோடு புரட்டியபோதுதான் என் முகம் எனக்குத் தெரிந்தது.

அந்நூலைப் பற்றிய என் நம்பிக்கை இன்றும் மாறவில்லை. மாறியது நான் அதைப் படிக்கும் முறைதான். பிறர் போற்றும் நூலில் பிழை தேடுகின்றவன், அங்கே தன் பிழையையும் காண நேரலாம்.

மூத்தவன் இறுதியில் உள்ளே சென்றானா என்பதை லூக்கா சொல்லவில்லை. அன்று இஷாத் தொழுகைக்குப் பின் நான் உம்மாவின் வீட்டிற்குச் சென்றேன். கதவைத் திறந்தவன் தம்பி. "உள்ளே வாங்க, நானா" என்றான்.

மறுநாள் ஆசிரியரிடம் நூலைத் திருப்பித் தந்தேன். குறித்து வைத்திருந்த வினாக்களைக் கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன்.