காயாத சோளமும் கறக்கும் பாலும்

பால் என்றதும் நம் மனத்தில் முதலில் எழும் ஐயம், "இதில் என்ன கலந்திருக்கிறார்களோ?" என்பதுதான். தண்ணீரா, யூரியாவா, சோப்புத் தூளா என்று தேநீர்க் கடையில் நின்று பேசாதவர் யார்? காலைக் காபியின் நிறம் சற்றே மாறியிருந்தாலும் பழி பால்காரர் தலையில்தான் விழுகிறது. கலப்படம் என்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிறியதற்கு அஞ்சிக்கொண்டு, பெரியதைக் காணாமல் இருக்கிறோமோ என்ற எண்ணம் சில மாதங்களாக என்னை விட்டு நீங்கவில்லை. அதற்குக் காரணம், ஓர் அறிக்கையில் நான் கண்ட இரண்டு எண்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை, நாடெங்கும் உள்ள நகரங்களிலிருந்து 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தது. முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. நூற்றுக்கு 93 மாதிரிகள் பாதுகாப்பானவை என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் கலப்படம் காணப்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 12. ஆனால் 'அஃப்ளாடாக்சின் எம்-1' என்ற நஞ்சு, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தவை 368! இந்த 368-இல் எண்ணிக்கையால் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. இங்கு எடுத்த 551 மாதிரிகளில் 88, அதாவது நூற்றுக்கு 16 அளவில், தேறவில்லை. பாக்கெட்டில் அடைத்து வரும் பாலுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் என்றது அந்த ஆய்வு.

இந்த நஞ்சை யாரும் பாலில் கலக்கவில்லை. கலக்கியவர் இல்லாத நஞ்சு எங்கிருந்து வந்தது?

அந்தக் கதை 1960-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அவ்வாண்டு அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. நோய் இன்னதென்று புரியாமல் முதலில் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். பிறகுதான் குற்றவாளி தீவனத்தில் இருப்பது தெரிந்தது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூசணம் வளர்ந்திருந்தது. அதன் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அது சுரந்த நஞ்சுக்கு அதன் பெயரையே சுருக்கி அஃப்ளாடாக்சின் என்று வைத்தார்கள். இந்த நஞ்சுகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. குறிப்பாகத் தாக்கப்படுவது கல்லீரல். 'ஹெபடைடிஸ் பி' என்ற மஞ்சள்காமாலைக் கிருமியும் உடலில் இருந்துவிட்டால் ஆபத்து பல மடங்காகிறது.

பூசணம் பிடித்த தீவனத்தை மாடு தின்றால் என்ன ஆகிறது? தீவனத்தில் உள்ள பி-1 என்ற வகை, மாட்டின் கல்லீரலில் எம்-1 என்ற வகையாக மாறுகிறது. 'எம்' என்ற அந்த எழுத்தே பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துதான். உண்ட நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதிகம் கறக்கும் மாடானால் அதற்கும் மேலே, மடிக்கு வந்து சேருகிறது. காலையில் வைத்த தீவனத்தின் தீமை மறுநாள் பாலிலேயே தெரிந்துவிடும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்தும் விடும்.

"நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போயிற்று" என்று சிலர் எண்ணலாம். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். காசநோய்க் கிருமியும், கன்று வீச்சு நோய்க் கிருமியும் நம்மை அண்டாதிருக்கப் பாலைக் காய்ச்சியே தீரவேண்டும். ஆனால் இது கிருமி அன்று, வேதிப்பொருள். அஃப்ளாடாக்சின்கள் சிதைவதற்கு 200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. நம் அடுப்பில் பால் பொங்குவதோ 100 பாகையை ஒட்டி! பதப்படுத்தும் நிலையத்தின் 72 பாகையும் இதை ஒன்றும் செய்யாது. தயிராக்கினாலும் முழுதும் நீங்குவதில்லை. ஆகவே பாலின் இந்தக் குறையைச் சமையலறையில் சரிசெய்ய இயலாது. பாக்டரியிலும் சரிசெய்ய இயலாது. அது தொடங்கும் இடத்திலேயேதான் தடுக்க வேண்டும்.

அது தொடங்கும் இடம் எது? வெகு தொலைவில் இல்லை. நம் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் பேருந்தில் தை, மாசி மாதங்களில் சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். சாலையின் ஓரமெல்லாம் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய தார்ச்சாலைதான் நம் உழவர்களின் களம். வண்டி மோதும் என்று தெரிந்தும், போலீசார் விரட்டுவார்கள் என்று தெரிந்தும் அங்கே ஏன் கொட்டுகிறார்கள்? ஊரில் களம் இல்லை. இருக்கும் களம் போதவில்லை. கல்வராயன் மலையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழர்கள் சொல்வது இன்னும் ஒரு படி மேல். மேகம் இறங்கும் நாள்களில் அங்கே வெயிலே கடனாகக் கிடைப்பதுதானாம்.

அறுவடையாகும்போது மக்காச்சோள மணியில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். அதை 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டினால்தான் பூசணம் அண்டாது. இடையில் ஒரு மழை பெய்தால் போதும். 2021 சனவரியில் பருவம் தவறிப் பெய்த மழை தமிழகம் முழுவதும் அறுவடைக்கு நின்ற பயிர்களை நனைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி நனைந்து கறுத்த சோளத்தை வியாபாரி வாங்குவதில்லை. வாங்கினாலும் அடிமாட்டு விலை. வியாபாரி கழித்தது எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும். வீட்டில் யார் தின்பார்? வாயில்லாத சீவன் தின்னும். கடலையின் கதையும் இதுவே. சொத்தைக் கடலை செக்குக்குப் போகிறது. அதன் நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயில் இறங்காமல் பிண்ணாக்கிலேயே தங்குகிறது. பிண்ணாக்கு தொட்டிக்குப் போகிறது.

வகுப்பில் பூசண நஞ்சுகளைப் பற்றிப் படித்த அன்று மாலை இதையெல்லாம் என் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு கறவைகள். அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நான் சொன்னதை முழுதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"நீ சொல்றது சரிதான் பாப்பா. கறுத்த சோளத்தைக் குப்பையில கொட்டிடறேன். அன்னிக்கு மாட்டுக்கு எதை வைக்கட்டும்? புண்ணாக்கு மூட்டை என்ன விலைன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா? நல்ல தீனி வச்ச பாலுக்கு சொசைட்டியில ஒரு ரூபா கூடக் குடுப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் கேள்வியில்தான் முழு அறிவியலும் பொருளாதாரமும் இருக்கின்றன. பால் கொள்முதல் நிலையத்தில் பார்ப்பது கொழுப்புச் சத்தும் கொழுப்பு நீங்கிய இதரச் சத்தும். அவற்றை வைத்துத்தான் விலை. லாக்டோமீட்டர் தண்ணீரைக் காட்டும். பூசண நஞ்சைக் காட்டாது. காய்ந்த சோளம் வைத்தவருக்கும் ஒரே விலை. கறுத்த சோளம் வைத்தவருக்கும் ஒரே விலை. அப்படியானால் தூய்மைக்கு ஆகும் செலவு முழுவதையும் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் தன் முந்தானையிலிருந்தே அவிழ்க்க வேண்டும் என்கிறோம்! பால் குடிப்பவர் ஊரெல்லாம். இழப்பைத் தாங்குபவர் ஒருவரா?

அதே ஆய்வில் 77 மாதிரிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சமும் அளவுக்கு மேல் இருந்தது. மடிநோய்க்கு ஊசி போட்டால் மருந்துக்கேற்பச் சில நாள்கள் அந்தப் பாலை விற்கக்கூடாது என்பது விதி. அந்த நாள்களின் வருமானத்துக்கு என்ன வழி என்று எந்த விதியிலும் இல்லை. நோய் வேறாயினும் கேள்வி ஒன்றே.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே உண்டு வாழும் ஏழை நாடுகள் அனைத்துக்கும் பொதுவானது. 1974-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இராசத்தானின் பான்சுவாடா, குசராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையுமாக 397 பேர் நோயுற்றனர். 106 பேர் மாண்டனர். பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளமே அந்தப் பழங்குடி மக்களின் உணவு. அவர்களோடு அதே உணவை உண்ட வீட்டு நாய்களுக்கும் அதே நோய் கண்டது. 2004-இல் கென்யாவிலும் வீட்டில் ஈரமாகச் சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தனர். மனிதனும் விலங்கும் ஒரே களஞ்சியத்தில் உண்கிறபோது இருவர் நலமும் ஒன்றே என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுமா?

அவர்கள் பூசணத்தை அறியாமல் உண்டவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. வேறு உணவு இல்லாமல் உண்டவர்கள் என்பதே பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ பாலில் 0.05 மைக்ரோகிராம் எம்-1-ஐத்தான் அனுமதிக்கிறது. நம் நாட்டு வரம்பு 0.5 மைக்ரோகிராம், பத்து மடங்கு. சட்டத்தில் இந்த எண்ணைக் குறைத்து எழுதுவது எளிது. எண்ணைக் குறைத்தால் சோளம் தானாகக் காய்ந்துவிடுமா? பாலை மிகுதியாகக் குடிப்பவர்கள் குழந்தைகள். அசுத்த உணவால் உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுவதாகவும், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறப்பதாகவும் உலக நல நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்.

ஆகவே என் கருத்து இதுதான்: பாலின் பாதுகாப்பு உலர்களத்தில் தொடங்குகிறது. பால்காரர் வீட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்புவதற்கு முன்பு, அந்த ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம் போட்டுக் கொடுக்க வேண்டும். மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய் குறைந்த விலைக்குக் கிடைக்க வேண்டும். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 2052 என்பது அதன் எண். அந்த முத்திரை உள்ள மூட்டையை வாங்கும்படி சொல்வதோடு நில்லாமல், வாங்கும் விலைக்குத் தரவும் வேண்டும். பால் நிலையத்தில் நஞ்சுச் சோதனை வந்தால், தேறாதவரைத் தள்ளுவதோடு தேறியவருக்குக் கூடுதல் விலையும் வரவேண்டும்.

இவை அரசு செய்யவேண்டியவை. மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? உண்டு. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டாம். மூடியுள்ள, ஈரமற்ற ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு சோளத்தைப் போடுங்கள். நன்கு உலர்ந்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேருங்கள். ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் மணியில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கிறது, இன்னும் காயவேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்துவிட்டால், ஒன்றிரண்டு வெயில் கூடக் காட்டி மூட்டை கட்டலாம். ஐந்து காசு செலவில்லாத அறிவியல் இது!

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் நாம் ஊர்களுக்குப் போகிறோம். சாலையைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகள்தாம். அடுத்த முகாமை அறுவடைக் காலத்தில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு புட்டியும் ஒரு பொட்டலம் உப்புமாகக் களத்துக்குப் போனால் என்ன? உடைந்த கதிரையும் கறுத்த கதிரையும் தனியே பொறுக்குவதில் அவர்களோடு அமர்ந்து கை கொடுத்தால் என்ன? எத்தனை மூட்டை ஈரமாகக் கட்டப்படுகிறது, எந்த ஊரில் களம் இல்லை என்று கணக்கெடுத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தால், அது எங்கள் பட்டத்துக்கு முன்பே நாங்கள் எழுதிய முதல் ஆய்வேடாக அமையும்.

நம்மில் பலரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பேருந்து ஏறி வருகிறவர்கள். தொட்டியின் பக்கமும் நமக்குத் தெரியும். சோதனைக் குழாயின் பக்கமும் இப்போது சிறிது தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இன்னும் மிகக் குறைவு. "அன்னிக்கு மாட்டுக்கு எதை வைக்கட்டும்?" என்ற கேள்விக்கு நாம்தான் விடை தேடவேண்டும். வேறு யாரிடம் அதைக் கேட்பார்கள், நண்பர்களே?