‘போமட் பண்ணவா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையின் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று போன தவணையில் திறபடாமல் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். பைல் பதிந்துகொண்டிருந்த நேரம் மழையோடு கரண்ட் போனது. மறுநாள் சொருகினால், ‘பாவிப்பதற்கு முன் போமட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. டவுனில் ஒரு கடையில் காட்டினோம். “போமட் பண்ணித் தாறம், உள்ளுக்க இருந்தது போயிரும்” என்றார்கள். வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம்.

உள்ளே இருந்தது வினாத்தாள்கள் மட்டும் என்றால் விட்டிருப்போம். 2017 மே வெள்ளத்தில் நனைந்த சேர்வு இடாப்புகளை ஆசிரியர்கள் வெயிலில் விரித்துக் காயவைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அதில்தான் போட்டிருந்தார்கள். பிறகு அந்தத் தாள்களில் பல பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போயின. மேற்கணக்கில் ஓர் அக்காவுக்கு ஐம்பது வயதாகிறது, இ.பி.எஃப் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர். தோட்டத்தில் இது புதினமா? சத்தியக் கடதாசியோடு பாடசாலைப் பதிவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுப் பக்கம். “எங்க பேரு அந்தப் பொட்டிக்குள்ள இருக்குங்களா சேர்?” என்று இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

இருக்கும் என்றுதான் நினைத்தோம். ஏன் என்பதை விளக்கினால் உங்கள் வீட்டு பென் டிரைவுக்கும் உதவும்.

டிஸ்க்கில் ஒரு படம் எப்போதும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடத்தில் கிடக்கலாம். பெயரும் முதல் துண்டு எங்கே என்பதும் ஓர் இடாப்பில். முதல் துண்டுக்கு அடுத்தது எது, அதற்கு அடுத்தது எது, எந்த இடம் காலி என்பது இன்னொரு அட்டவணையில். எங்கள் டிஸ்க் ஃபேட்32 வகை. அதில் இந்த அட்டவணை இரண்டு பிரதியாக இருக்கும். ஒரு பைலைப் பதியும்போது இத்தனையிலும் கைவைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ஒன்று எழுதப்பட்டிருக்கும், மற்றது எழுதப்பட்டிருக்காது.

செக்ரோலும் லயமும் மாதிரித்தான். லயத்தில் ஆள் இருக்கிறார், செக்ரோலில் பெயர் இல்லை. பெயர் இருக்கிறது, காம்பராவில் ஆள் இல்லை. ஒரே காம்பரா இரண்டு குடும்பத்தின் பெயரில் விழுந்திருக்கிறது. மூன்றும் டிஸ்க்கிலும் நடக்கும். விண்டோஸில் உள்ள செக்டிஸ்க், லினக்ஸில் உள்ள எஃப்எஸ்சிகே எல்லாம் செய்வது, கையில் செக்ரோலை வைத்துக்கொண்டு காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவியின் வேலை கணக்கை நேராக்குவது. உங்கள் படத்தைக் காப்பாற்றுவது அதன் முதல் கவலை இல்லை. ஒரே துண்டை இரண்டு பைல்கள் உரிமை கோரினால் ஏதோ ஒரு வழியில் வழக்கைத் தீர்த்துவிடும். தோற்ற பைல் உங்கள் பிள்ளையின் படமா என்று பார்க்காது. அதனால்தான் பழுதான டிஸ்க்கில் அதை நேரே ஓடவிடக் கூடாது. செக்டிஸ்க்கைத் தனியாக ஓட்டினால் பார்த்துச் சொல்வதோடு நிற்கும். பின்னால் ‘ஸ்லாஷ் எஃப்’ போட்டால் திருத்தும். ‘ஸ்லாஷ் ஆர்’ போட்டால் முழு டிஸ்க்கையும் வாசித்துப் பழுதான இடங்களையும் தேடும். டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்க்கில் இந்த ஆர் போடுவது, நெஞ்சுவலிக்காரரை மலை ஏறச் சொல்வது போல. யூடியூப்பில் எல்லோரும் முதலில் அதைத்தான் போடச் சொல்கிறார்கள்!

அதனால் நாங்கள் முதலில் பிரதி எடுத்தோம். கூட்டாளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து அதே அளவுள்ள டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் திறந்து, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அது முதலில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். எதுவரை போனது என்று குறித்தும் வைக்கும், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்காகவே எழுதினது மாதிரி! (2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டதையும்.) இஷாவுக்குப் பிறகு தொடங்கியது, சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

பிரதியிலும் செக்டிஸ்க் உடனே ஓடவில்லை. விண்டோஸ் அதை ‘றோ’ என்று காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, எப்படி வாசிப்பது என்று தனக்கு விளங்கவில்லை என்பதுதான். அந்தப் பிரிவின் முதல் பக்கம், அதாவது பூட் செக்டர், கெட்டிருந்தது. ஃபேட்32இல் அதற்கும் ஒரு பிரதி ஆறு செக்டர் தள்ளி இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு இலவச மென்பொருள் அந்தப் பிரதியை முன்னுக்குக் கொண்டுவந்து வைத்தது. அதன் பிறகுதான் செக்டிஸ்க், அதுவும் முதலில் பார்க்க மட்டும், பிறகு ஸ்லாஷ் எஃப்.

பெரும்பாலான போல்டர்கள் பெயரோடு வந்தன, அல்ஹம்துலில்லாஹ். இடாப்புப் படங்கள் இருந்த போல்டர் மட்டும் வரவில்லை. பதிலாக ‘ஃபவுண்ட் பூச்சியம் பூச்சியம் பூச்சியம்’ என்று ஒரு புதுப் போல்டர். உள்ளே பெயரில்லாமல் வெறும் இலக்கம் போட்ட நூற்றுக்கணக்கான பைல்கள். முடிவில் ‘சிஎச்கே’. லயத்தில் கண்டுபிடித்த, செக்ரோலில் இல்லாத ஆட்கள் இவர்கள்தான். நிறையப் பேர் இதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகக் கடைசி எழுத்துகளை ‘ஜேபிஜி’ என்று மாற்றித் திறந்தோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பின்னேரம் நின்று உதவினார்கள். திறக்காதவை பல. பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வந்தவை சில. விளையாட்டுப் போட்டிப் படங்கள் இடையிடையே வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தன.

மூன்றாம் நாள் 1980 வந்தது. கீழ்ப் பாதி சாம்பல்தான். அக்காவின் பெயர் மேலிருந்து ஏழாவது வரியில், தகப்பன் பெயரோடும் பிறந்த திகதியோடும் தெளிவாக இருக்கிறது. அச்செடுத்து, அதிபர் கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அக்கா அதைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தன் வரி எது என்று காட்டச் சொல்லி விரலை வைத்துப் பார்த்தார்.

அவருடைய தம்பி 1983இல் சேர்ந்தவர். அந்தப் பக்கம் சிஎச்கே பைல்களில் இல்லை. பழைய டிஸ்க்கில் வாசிக்க முடியாத இடங்கள் கொஞ்சம் இருக்கின்றன, அதில் இருக்கலாம். அதை இனிச் சொருகுவதாக இல்லை, உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம். மீட்டவற்றை இரண்டு டிஸ்க்கிலும் ஒரு கூகுள் டிரைவிலும் போட்டாயிற்று.

1983, 1984இல் எங்கள் பாடசாலையில் சேர்ந்தவர்கள் வீட்டில் பழைய விடுகைப் பத்திரமோ தேர்ச்சி அறிக்கையோ இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள் கொண்டுவாருங்கள். படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பாடசாலை விட்ட பிறகு இரண்டரை வரை இருப்போம்.