பிஸ்கட் டப்பா கணக்கு

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்டது ஒன்றுதான்... பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். நம் கேஷ்புக்கில் ஒரு தொகை, பாஸ்புக்கில் வேறு தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரிவரியாக டிக் அடித்து, எங்கே உதைக்கிறது என்று பிடிக்கவேண்டும். பரீட்சையோடு அதற்குத் தலைமுழுகியாச்சு என்று நினைத்திருந்தேன்.

அப்பா துவாக்குடி சிட்கோவில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். குடலிறக்கம். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையில் ஒரு பை நிறைய மாத்திரை. 'ஆபரேஷன் சக்ஸஸ்' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

வந்த இரண்டாம் நாள் விடியற்காலை, பாத்ரூம் வாசலில் அப்பா சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

''என்னப்பா பண்ணுது?''

''கிறுகிறுன்னு வருதுடா...''

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பிரஷர் பார்த்தார். ரொம்ப இறங்கியிருந்தது. ''என்னென்ன மாத்திரை போடறார்? எல்லாத்தையும் கொண்டாங்க'' என்றார். ஆஸ்பத்திரிப் பையைக் கொடுத்தேன். அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வந்தாள். அப்பாவின் பழைய மாத்திரைகள்!

டாக்டர் இரண்டு அட்டைகளைத் திருப்பிக் காட்டினார். கம்பெனி வேறு, கலர் வேறு, பெயரும் வேறு. ஆனால், உள்ளே இருக்கும் மருந்து இரண்டிலும் ஒன்றேதான். அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. அப்பா புதுசையும் போட்டார், பழசையும் விடவில்லை. ஒரே செலவை இரண்டு தடவை எழுதிய கணக்கு!

''ஸ்டென்ட் வெச்சவராச்சே, குளோபிடோக்ரல் எங்கே?'' என்றார் அடுத்து. ரத்தம் உறைந்து ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கப் போடுவது. ஆபரேஷனுக்கு 5 நாள் முன்னால் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். மறுபடி எப்போது ஆரம்பிப்பது? சீட்டில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. டாக்டர் அங்கேயே சர்ஜனிடம் போனில் பேசிவிட்டு, ''இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க'' என்றார்.

மருந்துத் தவறுகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஓர் இயக்கம் தொடங்கியது. முக்கியமாகக் கவனிக்கச் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்று, நோயாளி இடம் மாறும் நேரம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, தியேட்டரிலிருந்து வார்டு, வார்டிலிருந்து வீடு. ஒவ்வொரு வாசலிலும் பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் ஒப்பிடவேண்டும். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? மெடிக்கேஷன் ரீகன்சிலியேஷன். எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் கேட்டால் பூரித்துப்போவார்!

இப்போது வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. மருந்தின் நிஜப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் நோட்டும் பிஸ்கட் டப்பாவும் கூடவே வரும். திரும்பும்போது கேட்க மூன்று கேள்விகள்... எது புதுசு? எது நிறுத்தம்? நிறுத்தியதை மறுபடி எப்போது ஆரம்பிப்பது?

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி பில்லை நான் மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு ஊசி கூடுதல் என்று மல்லுக்கட்டி, 40 ரூபாய் குறைத்தேன்.

அந்த பில்லோடு பின் குத்தியிருந்த மருந்துச் சீட்டைத்தான் படிக்கவில்லை.