ஓலையில் ஒரு தாவரக் கலம்

வாகரைப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலான மணற்கரையில் பனைக்குக் குறைவில்லை. அங்கே ஓலை இழைக்கும் பெண்களின் வேலையில் நான் கவனிக்கச் சொல்வது ஓர் இடத்தை. சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, முதலில் அடியை நிலத்தோடு தட்டையாகப் பின்னுகிறார்கள். பிறகு மூலையில் இரண்டு ஓலைகளைக் குறுக்கே மடக்கி இறுக்க, அதுவரை பாயாகக் கிடந்தது பெட்டியாக நிமிர்கிறது. தரம் 10 விஞ்ஞானத்தில் தாவரக் கலத்தைப் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது இந்தத் திருப்பம்தான். பாடநூலில் கலம் ஒரு வெட்டுமுகப் படம். ரெஜிபோமில் செய்கிற மாதிரியுருவும் பெரும்பாலும் அந்தப் படத்தையே தடிப்பாக்கியதுதான். கல மாதிரியுருவை ஓலையில் செய்விக்க வேண்டும், இழைப்பவரை வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஓலை இங்கே வெறும் மலிவுப் பொருளன்று. காய்ந்த ஓலையில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி இறந்த கலங்களின் சுவர்களே. 1665இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டதும் அத்தகைய வெற்றுச் சுவர்களைத்தான். ஆக, பிள்ளை கலச்சுவர்களைக் கொண்டே கலச்சுவர் செய்கிறது. உண்மையான சுவரில் செலுலோசு நுண்ணிழைகள் ஓலைபோல மேலும் கீழுமாகப் பின்னுவதில்லை, அடுக்கடுக்காகப் படிகின்றன, ஆகவே இது பிழையான மாதிரியுரு என்று ஓர் ஆசிரியர் மறுக்கலாம். மறுப்பு சரியானதே. ஆனால் கையில் ஒரு பின்னல் இருந்தால்தான் அந்த வேறுபாட்டைக் காட்டிப் பேச முடியும். வழவழப்பான ரெஜிபோமில் கேட்பதற்கு அப்படியொரு கேள்வியே எழாது.

அளவில்தான் பெரிய பாடம் இருக்கிறது. 50 மைக்கிரோமீற்றர் கலத்தை 50 சென்ரிமீற்றர் பெட்டியாக்கினால் அது பத்தாயிரம் மடங்கு பெருக்கம். அப்போது 5 மைக்கிரோமீற்றர் பச்சையவுருமணி 5 சென்ரிமீற்றராகும். இழைமணி ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் நிற்கும். ரைபோசோம் கால் மில்லிமீற்றர் மணற்பருக்கை. மென்சவ்வோ கடதாசியிலும் மெல்லியது. முதிர்ந்த கலத்தில் புன்வெற்றிடம் கனவளவின் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதால் மற்றவை எல்லாம் சுவரோரம் ஒதுங்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டபின் எல்லா உறுப்பையும் ஒரே பருமனில் ஒட்ட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

கைப்பேசியில் அசையும் படமே இருக்கிறதே என்பார்கள். கலத்துக்குள் நடக்கும் ஓட்டத்தைக் காட்ட அது சிறந்தது, ஓலைப்பெட்டி அசையாது. ஆனால் அந்தப் படத்தில் அளவை முடிவு செய்தவர் வேறொருவர். பெட்டியில் முடிவு செய்கிறவர் மாணவர். சாதாரண தரப் பரீட்சைக்கு நேரம் போதாது என்பதே வலுவான மறுப்பு. அதனால் வகுப்புக்கு ஒரே பெட்டி போதும் என்பேன். உறுப்புகளைக் களிமண்ணில் குழுக்களாகச் செய்யலாம். ஆளுக்கொரு மாதிரியுரு கேட்டால் அது இரவில் தாய்மாரின் தலையில்தான் விழும். இழைக்க வருகிறவருக்கு அன்றைய கூலியைப் பாடசாலை கொடுக்க வேண்டும். அதையும் விஞ்ஞானச் செலவிலேயே எழுத வேண்டும்.